மின்விசிறியா, பிரிட்ஜா, ஏசியா, கீசரா: கரண்ட் பில் குறைய எதை முதலில் மாற்றுவது?

கரண்ட் பில் எகிறியதும் முதல் பழி ஏசி மேல் விழும். ஏசி இல்லாத வீட்டில் பிரிட்ஜ் மேல். சில வீடுகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் கையில் இருக்கும் பணம் ஒரு பொருளை மாற்றத்தான் போதும் என்றால், எது அதிக வாட் இழுக்கிறது என்று மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. பழையதற்கும் புதியதற்கும் எத்தனை வாட் வித்தியாசம், அந்த வித்தியாசம் நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்ற இரண்டையும் பெருக்கி 1000-ஆல் வகுங்கள். ஒரு நாளில் மிச்சமாகும் யூனிட் அதுதான்.

இந்தக் கணக்கு எவ்வளவு புரட்டிப் போடும் என்பதற்கு ஒரு ஜோடியைப் பாருங்கள். 3000 வாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் நாளுக்கு 5 நிமிடம் ஓடினால் கால் யூனிட். டிவிக்குப் பக்கத்தில் அணைத்ததாக நினைத்து விட்டுவைத்திருக்கும் 10 வாட் செட்-டாப் பாக்ஸ் 24 மணி நேரத்தில் 0.24 யூனிட். முன்னூறு மடங்கு வாட் வித்தியாசம் இருந்தும் பில்லில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள்

பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே செருகும் சிறிய வாட் மீட்டர் ஒன்று இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வீட்டு மின் மீட்டரே போதும். எலக்ட்ரானிக் மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அதன் அருகிலேயே அச்சிட்டிருப்பார்கள். 3200, 1600 ஆகியவை பரவலாகக் காணும் எண்கள். 3200 என்றால், இரண்டு சிமிட்டலுக்கு இடையே ஆகும் விநாடிகளால் 1125-ஐ வகுத்தால் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் கிடைக்கும். 1600 என்றால் 2250-ஐ வகுக்க வேண்டும்.

முதலில் எல்லா சுவிட்சையும் அணைத்து, பிரிட்ஜ் பிளக்கையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் விளக்கு சிமிட்டினால் எங்கோ ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது: மோடம், செட்-டாப் பாக்ஸ், மின்வெட்டுக்கு வைத்த பேட்டரி யூனிட், அல்லது கசிவு. அதைக் கண்டுபிடித்து நிறுத்திய பின் ஒரே ஒரு மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். 3200 மீட்டரில் 15 விநாடிக்கு ஒரு சிமிட்டல் வந்தால் அது 75 வாட் மின்விசிறி. 37 விநாடிக்கு ஒன்று என்றால் 30 வாட். சிமிட்டல் இவ்வளவு மெதுவாக இருக்கும்போது ஒன்றை மட்டும் அளக்காமல் நான்கைந்து சிமிட்டலுக்கான நேரத்தை எடுத்து வகுத்தால் பிசகாது.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் ஏறும் கட்டண முறையில், மிச்சமாகும் யூனிட்டின் மதிப்பை மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்துக் கணக்கிடக் கூடாது. குறையும் யூனிட் உங்கள் பில்லின் உச்சப் படியிலிருந்துதான் குறைகிறது. எனவே அந்தப் படியின் விலையால்தான் பெருக்க வேண்டும். சராசரி விலையில் போட்டால் ‘முதல் திரும்பவே பல வருஷம் ஆகும்’ என்று தோன்றும் பொருள், உச்சப் படி விலையில் போட்டால் பாதிக் காலத்தில் போட்ட பணத்தை எடுத்துக் கொடுப்பதாக இருக்கலாம்.

மின்விசிறி

அதிகம் பேசப்படாத, ஆனால் பல வீடுகளில் முதல் இடத்துக்கு வர வேண்டிய மாற்றம் இதுதான். சாதாரண இண்டக்‌ஷன் மோட்டார் சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் எடுக்கும். அதே அளவு இறக்கை கொண்ட பிஎல்டிசி (BLDC, பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேன் 28 முதல் 35 வாட். வித்தியாசம் 45 வாட் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 15 மணி நேரம் ஓடும் ஒரே ஃபேனில் வருடத்துக்கு 246 யூனிட் மிச்சம். தலா 12 மணி நேரம் ஓடும் மூன்று ஃபேன் என்றால் 591 யூனிட்.

காரணம் எளிது. சாதாரண ஃபேனில் சுழலும் பகுதிக்குள் காந்தப் புலத்தை உண்டாக்குவதற்கே மின்சாரம் செலவாகிறது. அதில் பெரும்பங்கு வெப்பமாகப் போய்விடுகிறது. அரை நாள் ஓடிய ஃபேனை நிறுத்தி நடு மூடியைத் தொட்டால் அந்தச் சூடு தெரியும். பிஎல்டிசி மோட்டாரில் சுழலும் பகுதியிலேயே நிலைக்காந்தம் இருப்பதால் அந்தச் செலவு இல்லை.

மூன்று இடங்களில் இந்தக் கணக்கு மாறும். ஒன்று, எப்போதும் ரெகுலேட்டரை 2-லோ 3-லோ வைத்து ஓட்டுபவர்களுக்கு. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் வேகத்தைக் குறைக்கும்போது வாட்டும் குறைகிறது. ஆகவே அவர்களுக்கு மிச்சம் 45 வாட் இருக்காது. பழைய பெட்டி ரெகுலேட்டர் என்றால் கதை வேறு. ஃபேனுக்குப் போகாத மின்சாரத்தில் ஒரு பங்கை அந்தப் பெட்டியே சூடாக்கிச் செலவழித்துவிடும். அதை மட்டும் கெப்பாசிட்டர் வகை ஸ்டெப் ரெகுலேட்டராக மாற்றினாலே சிறிது குறையும். இரண்டு, விருந்தினர் அறை போல நாளுக்கு ஒரு மணி நேரம்கூட ஓடாத ஃபேன். அதில் கை வைக்காதீர்கள். மூன்று, மின்னழுத்தம் அடிக்கடி தாறுமாறாக ஏறி இறங்கும் வீடு. பிஎல்டிசி ஃபேனில் பழுதாவது பெரும்பாலும் மோட்டார் அல்ல, அதை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு. அந்த போர்டுக்கு எத்தனை வருஷ உத்தரவாதம், அது தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்க வேண்டும்.

மாட்டும்போது நடக்கும் பெரும் தவறு, சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டர் வழியாகவே புது ஃபேனுக்கு இணைப்பு கொடுப்பது. ரெகுலேட்டரிலிருந்து வரும் வெட்டுப்பட்ட மின்சாரத்தில் போர்டு நின்று நின்று ஓடும், கொஞ்ச நாளில் எரிந்தும் போகும். ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு சுவிட்சிலிருந்து நேராகக் கம்பி கொடுக்க வேண்டும்.

இப்போதைக்கு மாற்ற வசதி இல்லை, ஃபேனும் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் கெப்பாசிட்டரைப் பாருங்கள். எலக்ட்ரீஷியன்கள் கண்டன்சர் என்பார்கள். மேல் கிண்ணத்துக்குள் இருக்கும் சிறு கறுப்புப் பெட்டி. பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட், சில ஃபேன்களில் 3.15. பழையதில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதே எண்ணில் வாங்க வேண்டும். பெரிய எண் போட்டால் வேகம் கூடும் என்று மாற்றுபவர்கள் உண்டு. காயில் சூடாகிக் கருகிப் போவதுதான் மிச்சம்.

பிரிட்ஜ்

நாள் முழுக்க இணைப்பில் இருப்பதால் பிரிட்ஜ் மீது சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் மாற்றும் செலவு அதிகம், மிச்சமோ பழையது எவ்வளவு மோசம் என்பதைப் பொறுத்தது. வயதை வைத்து முடிவு செய்யாமல் அளந்து பாருங்கள். வாட் மீட்டரில் குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் மூன்று நாள். ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையில் பனியை உருக்க ஒரு ஹீட்டர் விட்டு விட்டு வேலை செய்யும்; ஒரு மணி நேர அளவில் அது சிக்காமல் போகும், அல்லது அது மட்டுமே சிக்கும்.

நாளுக்கு 1.8 யூனிட் எடுக்கும் பழைய பெட்டிக்குப் பதில் 0.6 யூனிட் எடுக்கும் புதியது வந்தால் வருடத்துக்கு 438 யூனிட் மிச்சம். அது பெரிய தொகைதான். பழையதே 1 யூனிட்டுக்குள் இருந்தால் மிச்சம் 146 யூனிட்டைத் தாண்டாது. அந்தப் பணத்தை ஃபேனில் போடுவதே சரி. கடையில் பார்க்கும்போது நட்சத்திர எண்ணிக்கையைவிட லேபிளில் உள்ள வருடாந்திர யூனிட்டைப் படியுங்கள். நட்சத்திரம் அந்தந்த அளவுக்குள் நடக்கும் போட்டி. 500 லிட்டர் ஐந்து நட்சத்திரப் பெட்டி, 200 லிட்டர் மூன்று நட்சத்திரப் பெட்டியைவிட அதிக யூனிட் இழுக்கலாம்.

மாற்றுவதற்கு முன் கதவு கேஸ்கெட்டை, அதாவது கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையை, சோதியுங்கள். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். இழுவை இல்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. நான்கு பக்கமும், முக்கியமாகக் கீல் பக்க மூலைகளிலும் பார்க்க வேண்டும். வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தால் விறைத்த ரப்பர் சில சமயம் திரும்பப் படியும். கிழிந்திருந்தால் மாற்றுவது ஒன்றே வழி. பின்புறம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், கறுப்புக் கம்பி வலை இருக்கும் மாடலில் அதன் தூசியைத் தட்டுங்கள். உள்ளே 4 டிகிரி, ஃப்ரீசரில் கழித்தல் 18 டிகிரி போதும். சாதாரண வகை ஃப்ரீசரில் பனி அரை சென்டிமீட்டரைத் தாண்டினால் அணைத்து உருகவிட வேண்டும். கத்தியால் குத்தினால் குழாய் ஓட்டையாகி மொத்தப் பெட்டியும் போய்விடும்.

கம்ப்ரசர் நிற்காமலே ஓடுகிறது என்பது பழைய வகையில் கோளாறுக்கு அடையாளம். தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் கம்ப்ரசரில் அப்படி அல்ல; குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓடுவதுதான் அதன் வேலையே.

ஏசி

இன்வெர்ட்டர் ஏசி என்றாலே மிச்சம் என்ற நம்பிக்கை பாதி உண்மை. முழு வேகத்தில் ஓடும்போது அதற்கும் சாதாரண ஏசிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அறை குளிர்ந்த பிறகு வேகத்தைக் குறைத்து ஓடும்போதுதான் லாபம்: ஓடும் வாயு குறைகிறது, காயிலின் பரப்பு அப்படியே இருக்கிறது, அதனால் அதே குளிர்ச்சிக்குக் கம்ப்ரசர் தள்ள வேண்டிய அழுத்தம் குறைகிறது. அறை குளிர்வதற்குள் அணைத்துவிடுபவருக்கு, அதாவது நாளுக்கு ஒரு மணி நேரம் ஓட்டுபவருக்கு, இந்த லாபம் கிட்டாது. அறைக்குப் போதாத டன்னில் வாங்கியவருக்கும் கிட்டாது. அந்த ஏசி எப்போதும் முழு மூச்சில்தான் ஓடும்.

எட்டு மணி நேரம் ஓட்டும் வீட்டுக்குக் கணக்குப் போடுவோம். அறையிலிருந்து சராசரியாக 3 கிலோவாட் வெப்பம் வெளியேற வேண்டும் என்றால் ஓர் இரவுக்கு 24 யூனிட் அளவு வெப்பம். செயல்திறன் 3 உள்ள, அதாவது 1 யூனிட் கரண்டுக்கு 3 யூனிட் வெப்பத்தை வெளியேற்றும் பழைய ஏசி அதற்கு 8 யூனிட் செலவழிக்கும். பருவகாலச் செயல்திறன் (பருவம் முழுமைக்கும் எடுத்த சராசரி) 4.5 உள்ள புதியது 5.3 யூனிட். வித்தியாசம் 2.7. வருடத்தில் 120 இரவு ஓடினால் 324 யூனிட். 250 இரவு என்றால் 675. வருடத்தில் நான்கு மாதம் மட்டும் ஓடும் ஏசியை மாற்றுவதும் மூன்று ஃபேனை மாற்றுவதும் எங்கே நிற்கின்றன என்று இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். ஏசியின் விலை எத்தனையோ மடங்கு. மிச்சம் ஃபேனைவிடக் குறைவு.

அதனால் ஓடும் நிலையில் உள்ள ஏசியை பில்லுக்காக மட்டும் தூக்கிப் போட வேண்டாம் என்பதே எங்கள் நிலை. பழுதாகி எப்படியும் மாற்ற வேண்டி வரும்போது நல்ல செயல்திறன் உள்ளதை வாங்குங்கள். அதுவரை செட்டிங்கில் எடுக்கக்கூடியது நிறைய இருக்கிறது. வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டினால் மின்செலவு ஏறத்தாழ 5 முதல் 6 சதவீதம் குறையும். 22-ல் ஓட்டுபவர் 26-க்கு வந்து கூடவே சீலிங் ஃபேனையும் மெல்ல ஓடவிட்டால், உடம்புக்கு அதே சுகம், செலவில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். சீக்கிரம் குளிரட்டும் என்று 16-ல் வைப்பதில் பயனே இல்லை. நிலைவேக ஏசி எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். 16-ல் வைத்தால் நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காது, அவ்வளவுதான்.

உள் யூனிட்டின் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். வெளி யூனிட் விடும் சூடான காற்று சுவரில் மோதி அதற்கே திரும்பி வரும்படி குறுகிய பொந்தில் மாட்டியிருந்தால், எத்தனை நட்சத்திரம் இருந்தும் வீண்.

வருடா வருடம் ‘கேஸ் குறைந்திருக்கிறது, நிரப்ப வேண்டும்’ என்று சொன்னால் ஏற்காதீர்கள். ஏசி கேஸ் பெட்ரோல் போலத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுவது. குறைந்திருந்தால் கசிவு இருக்கிறது. பெரும்பாலும் செம்புக் குழாயை இணைக்கும் ஃப்ளேர் நட்டில். நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து, சோப்பு நுரை தடவிக் கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, வாக்குவம் பம்ப் வைத்துக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, பிறகு எடை பார்த்து கேஸ் ஏற்ற வேண்டும். இதில் எந்தப் படியை விட்டாலும் அடுத்த கோடையில் அதே செலவு.

மேல் தளத்து வீடு என்றால், ஏசியை மாற்றும் முன் மொட்டை மாடிக்கு வெள்ளைப் பிரதிபலிப்புப் பூச்சு அடிப்பதையும், வெயில் படும் ஜன்னலுக்கு வெளியே நிழல் தருவதையும் யோசியுங்கள். உள்ளே கனத்த திரை போடுவதைவிட வெளியே ஒரு தட்டி கட்டுவது மேல். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெப்பத்தைத் திரையால் திருப்பி அனுப்ப முடியாது.

வெந்நீர்: இன்ஸ்டன்ட், தொட்டி, சூரிய ஹீட்டர், ஹீட் பம்ப்

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.163 வாட்-மணி வேண்டும். எந்தக் கம்பெனி ஹீட்டரும், வாளியில் போடும் ராடும்கூட, இதை மாற்ற முடியாது. 25 டிகிரித் தண்ணீரில் 20 லிட்டர் வாளியை 40 டிகிரிக்குக் கொண்டுவர 0.35 யூனிட். ஆகவே மின் காயில் உள்ள எல்லா வகைக்கும் சூடாக்கும் செலவு ஒன்றுதான், வித்தியாசம் வீணாவதில்.

தொட்டி கீசரை நாள் முழுக்க ஆன் செய்து விட்டுவைத்தால், யாரும் குழாயைத் திறக்காவிட்டாலும் அரை யூனிட்டிலிருந்து ஒரு யூனிட் வரை தொட்டியின் சுவர் வழியே வெப்பமாகப் போய்விடும். வருடத்துக்கு 180 முதல் 365 யூனிட். இதை நிறுத்த எதையும் வாங்க வேண்டாம். 15 லிட்டர் தொட்டியை 2000 வாட் காயில் 25-லிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர 18 நிமிடம். 25 லிட்டருக்கு அரை மணி. அதற்கேற்பப் போட்டு, குளித்ததும் அணைத்தால் போதும். பலர் அடுத்தடுத்துக் குளிக்கும்படி நேரத்தை ஒழுங்கு செய்வது இன்னும் நல்லது.

இன்ஸ்டன்ட் வகையில் தேக்க இழப்பு இல்லை. சமையலறை சிங்க்குக்கும், ஓரிருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கும் அதுவே சிறந்தது. 3000 வாட் என்பது 230 வோல்ட்டில் 13 ஆம்பியர். 16 ஆம்பியர் சாக்கெட்டும் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கம்பியும் நல்ல எர்த்தும் இல்லாமல் மாட்டக் கூடாது. சாதாரண சாக்கெட்டில் மாட்டி பிளக் உருகிய வீடுகள் ஏராளம்.

சூரிய ஹீட்டரை எடை போடும்போது தொட்டி அளவைப் பார்த்து ஏமாறுவது எளிது. 100 லிட்டரை 35 டிகிரி ஏற்றினால் 4 யூனிட்டுக்குச் சமம் என்பது சரி. ஆனால் வீட்டில் 30 லிட்டர்தான் செலவாகிறது என்றால் மிச்சம் 1.2 யூனிட் மட்டுமே. நான்கைந்து பேர் தினமும் வெந்நீரில் குளிக்கும் வீட்டுக்குத்தான் அது பொருந்தும். அதிலுள்ள துணை மின் காயிலை எப்போதும் ஆனில் விட்டால், விடியுமுன்பே கரண்ட் தண்ணீரைச் சூடாக்கிவிடும். வெயில் வரும்போது அதற்கு வேலையே இருக்காது. உப்புத் தண்ணீர் என்றால் தட்டை வகையின் மெல்லிய செம்புக் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குழாய் வகை ஓரளவு தாங்கும்.

ஹீட் பம்ப் சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுப்பதால் 1 யூனிட் கரண்டுக்கு ஏறத்தாழ 3 யூனிட் வெப்பம் தரும். விலை அதிகம், மெதுவாகச் சூடாகும், காற்றோட்டமான இடம் வேண்டும். மாடியில் உரிமை இல்லாத பெரிய குடும்பத்துக்கு இது சூரிய ஹீட்டருக்கு நல்ல மாற்று. இருவர் வாழும் வீட்டுக்கு வேண்டாம்.

சிறியவை, வேண்டாதவை

குண்டு பல்பு இன்னும் இருந்தால் இன்றே மாற்றுங்கள்: 60 வாட்டின் வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தருகிறது. சோக் வைத்த பழைய டியூப் லைட், சோக்கின் செலவையும் சேர்த்தால் 50 வாட்டை நெருங்கும்; எல்இடி டியூப் 20 வாட்டுக்குள் முடிந்துவிடும். நாள் முழுக்க இணைப்பில் இருக்கும் செட்-டாப் பாக்ஸ் வருடத்துக்கு 80 யூனிட்டுக்கு மேல் எடுக்கும்; பார்க்காத நேரத்தில் சுவர் சுவிட்சில் அணையுங்கள். செல்போன் இல்லாமல் சொருகியிருக்கும் சார்ஜருக்காகக் கவலைப்பட வேண்டாம். அது வருடம் முழுக்க இழுப்பது இரண்டு மூன்று யூனிட்கூட வராது.

பிளக்கில் சொருகினால் பில் பாதியாகும் என்று விற்கும் ‘பவர் சேவர்’ பெட்டியை மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். உள்ளே ஒரு கெப்பாசிட்டரும் ஒரு சிறு விளக்கும்தான் இருக்கும். கெப்பாசிட்டர் பவர் ஃபேக்டரை, அதாவது ஓடும் மின்னோட்டத்தில் வேலைக்குப் பயன்படும் பங்கை, சரிசெய்யும், கம்பியில் ஓடும் ஆம்பியர் குறையும். விற்பவர் கிளாம்ப் மீட்டரில் காட்டுவது அந்த ஆம்பியரைத்தான். வீட்டுக் கட்டணம் கிலோவாட்-மணிக்கு, அதாவது யூனிட்டுக்குப் போடப்படுகிறது. அது மாறாது. மேலே சொன்ன மீட்டர் சிமிட்டலை, பெட்டியைச் சொருகும் முன்னும் பின்னும் எண்ணினால் உண்மை தெரிந்துவிடும்.

எந்த வீட்டுக்கு எது

ஏசி இல்லை, ஃபேன் பகலும் இரவும் ஓடுகிறது என்றால் படுக்கையறை, கூடம் ஆகியவற்றின் ஃபேன்களை முதலில் மாற்றுங்கள். கூடுதலாகப் பணம் இருந்தால் பிரிட்ஜை அளந்து, நாளுக்கு ஒன்றரை யூனிட்டைத் தாண்டினால் அதை.

ஆண்டின் பெரும்பகுதி இரவு முழுக்க ஏசி ஓடுகிறது, அது பழைய நிலைவேக வகை, ஏற்கெனவே ரிப்பேருக்குச் செலவாகிறது என்றால் ஏசி முதலிடத்துக்கு வரும். அப்போதும் ஃபேனைச் சேர்த்தே யோசியுங்கள். 26 டிகிரியில் தூங்க வைப்பது அந்த ஃபேன்தான்.

குளிர்ப் பகுதியில், பலர் இருக்கும் வீட்டில், பில்லில் பெரும்பங்கு வெந்நீர் என்றால் முதலில் கீசர் சுவிட்ச் பழக்கத்தை மாற்றி ஒரு பில் காலம் பாருங்கள். அதன் பிறகும் நாளுக்கு 3, 4 யூனிட் வெந்நீருக்கே போனால் சூரிய ஹீட்டர் அல்லது ஹீட் பம்ப்.

மாடியில் சோலார் பேனல் போடும் எண்ணம் இருப்பவர்கள் மேற்கண்ட மாற்றங்களை முடித்த பிறகு அளவைத் தீர்மானியுங்கள். வெயில் நன்றாக உள்ள இடத்தில் 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். மூன்று ஃபேன் மாற்றத்தில் தினமும் 1.6 யூனிட் மிச்சமானால், வாங்க வேண்டிய பேனலில் 400 வாட் குறைகிறது.

எதை மாற்றினாலும் பலனைப் போன மாத பில்லோடு ஒப்பிடாதீர்கள்; போன வருடம் இதே மாதத்து யூனிட்டோடு ஒப்பிடுங்கள், தொகையோடு அல்ல. புது பிரிட்ஜ் வந்தும் யூனிட் ஏறியிருந்தால், பழையது பின்கட்டில் தண்ணீர் பாட்டிலுக்காக இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.